ஒரு விரல் வித்தியாசம்

பாலிஷ்காரர் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், அடுத்த நிறுத்தத்துக்குள் பக்கத்துச் சீட்டு காலியாகிவிடும். பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். ஆண்களில் ஓரிருவர் மட்டும் கொஞ்சம் ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். சட்டை, தலைமுடி, நகக்கண் வரைக்கும் ஸ்பிரிட் வாடை. நாளெல்லாம் மேசைக்கும் அலமாரிக்கும் அரக்குப் பாலிஷ் போடுகிற மனிதரிடம் ரோஜா வாசமா வரும்? ஆரம்பத்தில் எல்லோரிடமும் விளக்கம் சொல்லிப் பார்த்தார். "நான் குடிக்கலைங்க, என் வேலை அப்படி" என்பார். குடித்தவன் சொல்கிற முதல் வாக்கியமே அதுதான் என்பதால் எடுபடவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேர் சீட்டில் ஒருவராகக் காலை நீட்டி உட்கார்ந்துவரப் பழகிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் மதுவைத் தொட்டதே இல்லை. கல்யாண வீட்டில் நண்பர்கள் வற்புறுத்தினாலும் எலுமிச்சைச் சாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ரகம். அதற்கு அவருடைய சுபாவம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய மாமனார்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். சந்தேகப்படுவதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை, வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார். வாசலில் வைத்தே செக்கருக்கு மூக்கு விடைத்தது. குடித்துவிட்டு ஓட்டிய ஒரு டிரைவரால் பள்ளத்தில் கவிழ்ந்த பஸ்ஸுக்குள் அவரும் இருந்தவர். பக்கத்தில் நின்ற சக பரிசோதகரைத் துணி போட்டு மூடி எடுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர். அந்தக் குடும்பத்துக்குள் இந்த வாடை நுழைவதா என்று கல்யாணமே நின்றுவிடும் நிலை. மாப்பிள்ளை எழுந்து நின்று, தன் வாய்க்குள் ஒரு சொட்டும் போகாது என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பெண்ணுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போயிற்று. செக்கருக்குப் பாதிதான் பிடித்தது. மீதிப் பாதிக்காகத்தான், மருமகன் ஒவ்வொரு நாளும் வீட்டுப் படியேறும்போது வாசல் நாற்காலியிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். சட்டையில் வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா என்று அவருக்குத் தெரியுமாம். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டதால், இந்தப் பரிசோதனைக்கு விடுமுறையே கிடையாது.

பாலிஷ்காரர் இதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கல்யாணமான வருடம் மாமனாரின் குடைக்கு நல்ல வளைந்த மரக் கைப்பிடி ஒன்று தேடிப் பிடித்து, அரக்கு ஏற்றி ஏற்றி, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வைத்துக் கொடுத்தார். செக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். வெயில், மழை என்று எந்த வித்தியாசமும் இல்லாமல் அந்தக் குடை அன்றிலிருந்து அவரோடு போய்வந்துகொண்டிருக்கிறது.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் நனைத்து, மரத்தின் மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு தங்கிவிடும். மறுபடி ஒரு பூச்சு. இப்படியே மெல்லிய ஏடு ஏடாகப் படிய வைத்தால், மரத்துக்குள் விளக்கு வைத்த மாதிரி ரேகைகள் எழுந்து வரும். கடைசியில் தேன்மெழுகு. இதில் சூட்சுமம் எல்லாம் ஸ்பிரிட் எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்பதில்தான். ரொம்ப வேகமாகப் பறந்தால் பூச்சு சட்டென்று குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் பால் சிந்தினாற்போல வெள்ளை பூத்துவிடும். அதற்கும் மருந்து உண்டு. மெதுவாகக் காய்கிற இன்னொரு திரவத்தைப் பஞ்சில் தொட்டும் தொடாமலும் எடுத்து அதே இடத்தில் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தால், பூச்சு இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறி, வெள்ளை மறைந்துவிடும். அந்தத் திரவத்துக்கு ஏதோ நீளமான பெயர் புட்டியில் ஒட்டியிருந்தது. பாலிஷ்காரர் அதைச் சோம்பேறி என்றுதான் கூப்பிடுவார்.

எதையும் அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் எடைபோடுவார். ஸ்பிரிட் என்றால் சில்லென்று இருந்து, ஊதுவதற்குள் போய்விடும். சோம்பேறி என்றால் குளிர் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஆற அமர உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உறவா, யார் யாருக்கு என்ன முறை என்றெல்லாம் அவர் யோசித்ததில்லை. புட்டியில் வந்தவை, அவ்வளவுதான்.

அந்தப் புது டிரம் அவருடைய பாலிஷ் கடையில் வந்திறங்கியது ஒரு மழைக்கால முற்பகலில். வழக்கமான சரக்கு இல்லை, இதுவும் ஸ்பிரிட்தான், வேலைக்கு எதுவானால் என்ன என்று கொண்டுவந்தவன் உருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான். டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்ற ஒரு கைப்பம்பு உண்டு. அது உடைந்து மூலையில் கிடந்தது. உடையாவிட்டாலும் யாரும் எடுக்கப் போவதில்லை. பாலிஷ் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்தான்: டியூபின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு, திரவம் மேலேறி வளைவைத் தாண்டும் நேரத்தில் டக்கென்று எடுத்துக் கேனுக்குள் விட்டுவிட வேண்டும். பாலிஷ்காரருக்கு அந்த நேரம் நெஞ்சுக்குள் பதிந்திருந்தது. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட உதடு நனைந்ததில்லை. செக்கரிடம் சத்தியம் செய்த வாயாயிற்றே, அதில் அவருக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அன்றைக்கு அவர் வழக்கம்போலத்தான் இழுத்தார். ஆனால் வந்தது வழக்கமான ஆள் இல்லை. தண்ணீரைவிட இளக்கமாக, டியூபுக்குள் அவர் நினைத்ததைவிட வேகமாக ஓடிவந்து வாயை நிரப்பிவிட்டது. துப்புவதற்குள் ஒரு வாய் உள்ளே இறங்கிவிட்டது. தொண்டை எரிந்தது. நாலு தடவை வாய் கொப்பளித்தார், சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். வயிற்றைவிட மனசுதான் அவருக்குச் சங்கடப்பட்டது. தெரியாமல் போனதை வாக்குத் தவறியதாகக் கணக்கில் எடுப்பார்களா மாட்டார்களா என்று யோசித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஊசி குத்தினாற்போலச் சில்லென்று இருந்தது, பார்க்கும்போதே காணோம். நல்ல ஓட்டக்காரன்தான் என்று பெயரும் வைத்துவிட்டார். மேசைமேல் பூசினால் மழை ஈரத்துக்கு நடுப்பலகை முழுக்க வெள்ளை பூத்தது. சோம்பேறியைத் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் செக்கர் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிரவில்லை.

"இன்னைக்கு வாயிலிருந்து வருது மாப்ளே."

பாலிஷ்காரர் நடந்ததை அப்படியே சொன்னார். செக்கர், டிக்கெட் எடுக்காத ஒவ்வொருத்தனிடமும் ஒரு காரணம் இருந்ததை நினைத்துக்கொண்டவர் மாதிரி தலையை ஆட்டினார். இத்தனை வருடம் காத்திருந்து கடைசியில் பிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று மகளுக்குப் புரியவில்லை. செக்கர் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பாலிஷ்காரரால் எழுந்திருக்க முடியவில்லை. தலை வெடித்தது, வயிற்றைப் பிசைந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வாந்தி எடுத்தார். செக்கருக்கு இனி சாட்சியே தேவைப்படவில்லை. குடித்தவனுக்கு மறுநாள் இப்படித்தான் இருக்கும், தூங்கவிடு, தானே தெளியும் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் சோபா உறை தைக்கிறவள். அன்றைக்குத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாளே தவிர, துணி நகரவில்லை. மதியத்துக்குச் சற்று முன்னால் பாலிஷ்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"யாரு ரூமுக்கு வெள்ளை அடிச்சது?" என்று கேட்டார்.

சுவர் பழைய நீல நிறத்தில்தான் இருந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், முகத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூத்திருக்கிறது, ஜன்னலும் கதவும் அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கின்றன என்றார். அவள் அவரைத் தாங்கி எழுப்பினாள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவர் குடிக்கமாட்டார்ப்பா. குடிக்காத மனுஷனுக்கு இப்படி ஆகுதுன்னா இது வேற ஏதோ. வழி விடுங்க."

செக்கர் வழிவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பக்கத்துத் தெருவில் இருந்தது சின்ன ஆஸ்பத்திரி. நாலு கட்டில், ஒரு நர்ஸ், தலையில் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருக்கிற ஒரு டாக்டரம்மா. மனைவி டியூபையும் டிரம்மையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா தேடுவதை நிறுத்திவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினைத் தயாராக வைக்கச் சொன்னார், ஆம்புலன்ஸ் கேட்டார். மழை வெள்ளத்தால் வண்டி சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்று பதில் வந்தது. அதற்குள் கொடுக்க வேண்டிய ஊசி மருந்து இங்கே இருப்பில் இல்லை. டாக்டரம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, செக்கரைப் பார்த்து, கடைக்குப் போய்ச் சீல் உடைக்காத மதுப்புட்டி ஒன்று உடனே வாங்கிவரச் சொன்னார்.

செக்கர் தன் காதைச் சந்தேகப்பட்டார். கண் போய்க்கொண்டிருக்கிறது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை, சீக்கிரம் போங்க என்று டாக்டரம்மா அதட்டியதும் குடையோடு வெளியே ஓடினார்.

கட்டிலில் கிடந்த பாலிஷ்காரருக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"எனக்கு வேணாம் டாக்டர்," என்றார். "வாக்கு குடுத்திருக்கேன். இந்தக் கஷ்டமே அதுல ஒரு வாய் போனதுனாலதான். மறுபடி அதையே ஊத்துறேங்கறீங்களே."

"அதையே இல்லை," என்றார் டாக்டரம்மா. கண் தெரியாதவருக்கு எழுதிக் காட்டி என்ன பயன்? கட்டிலில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்துக்கொண்டார். விரல்களையெல்லாம் மடக்கி, சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தினார். "இது நீங்க முழுங்கினது. ஒரே ஒரு கார்பன். குடும்பத்துலயே கடைக்குட்டி." அடுத்த விரலையும் நிமிர்த்தினார். "இது ரெண்டு கார்பன். நீங்க வழக்கமா வேலைக்கு வெச்சிருக்கிற ஸ்பிரிட், கடையில விக்கிற சாராயம், எல்லாத்துலயும் இருக்கறது இவர்தான்." மூன்றாவது, நான்காவது என்று விரல்கள் நிமிர்ந்தன. "ஒவ்வொரு அண்ணனும் தம்பியைவிட ஒரு கார்பனும் ரெண்டு ஹைட்ரஜனும் கூட. வேற எதுவும் மாறாது. வால்ல இருக்கற அந்த ஆக்சிஜன்கூட எல்லாருக்கும் ஒண்ணுதான். இதைப் படிவரிசைன்னு சொல்வோம். படி ஏற ஏற, குணம் கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே போகும்."

கடைக்குட்டி உடம்புக்குள் போனால் எறும்பு கடித்தால் எரிகிற அதே அமிலமாக மாறுவான், அதுதான் கண் நரம்பை அரிக்கிறது என்றார். அண்ணன் மாறினால் வெறும் வினிகர். அந்த இரண்டு அமிலங்களுக்குள்ளும் அதே ஒரு விரல் வித்தியாசம்தானாம். கல்லீரலில் ஒரு கவுன்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். தம்பி அந்தக் கவுன்டருக்குப் போனால்தான் விஷமாக வெளியே வருவான். ஆனால் அண்ணனைக் கண்டால் கவுன்டர்காரன் தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அண்ணனை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டால், தம்பி காத்திருந்து காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்த வழியே போய்விடுவான். மீதியை மிஷின் எடுத்துவிடும். அளவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், குடிக்க வேண்டியது மட்டும்தான் உங்கள் வேலை என்று முடித்தார்.

பாலிஷ்காரர் நிமிர்ந்த விரல்களோடு அப்படியே கிடந்தார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கொல்கிறவனும் காப்பாற்றுகிறவனும் கூடப்பிறந்தவர்கள், நடுவில் ஒரு விரல்தான் என்று சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

அப்போது நர்ஸ், சலைன் ஏற்ற ஊசி குத்துவதற்காக அவருடைய கையில் ஈரப் பஞ்சால் துடைத்தாள். பாலிஷ்காரரின் உடம்பு சிலிர்த்தது. அது அவர் அறியாத குளிர். ஸ்பிரிட் அளவுக்குச் சில்லென்று இல்லை. சோம்பேறி அளவுக்கு மந்தமும் இல்லை. ஸ்பிரிட்டைவிடக் கொஞ்சம் நேரம் நின்றது, சோம்பேறியைவிடச் சீக்கிரம் போயிற்று. ஓட்டக்காரன் ஊசி மாதிரி, அடுத்தது ஸ்பிரிட், கடைசியில் சோம்பேறி என்று அவர் உள்ளங்கை பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த குளிர்களெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் இது வந்து பொருந்தி உட்கார்ந்தது.

"இது அந்த மூணாவதா?" என்று கேட்டார்.

நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டரம்மாதான் திரும்பிப் பார்த்தார். ஆமாம், மூணாவதில் ஒரு வகை, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். வேலைக்கு ஒரு சோம்பேறி வைத்திருக்கிறேன், அது நாலாவதா என்று இவர் கேட்டார். வெள்ளை பூத்தால் தேய்க்கிறது என்று விளக்கி, புட்டியில் ஒட்டியிருந்த நீளமான பெயரையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஆமாம், நாலாவதுதான் என்றார் டாக்டரம்மா.

பாலிஷ்காரருக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. கண் தெரியாமல், வலியோடு, அடுத்த மணி நேரம் உயிரோடு இருப்போமா என்றே தெரியாமல் கிடக்கிற மனிதருக்கு அப்படி ஒரு மலைப்பு வரலாமா என்றால், வந்தது. தன் கடை அலமாரியில் இத்தனை காலம் ஒரு குடும்பமே வரிசையாக நின்றிருக்கிறது. தான் ஒவ்வொருவரையும் கையால் தொட்டிருக்கிறார். யாரோ எங்கேயோ ஒவ்வொரு படிக்கும் சரியாக ஒன்று, சரியாக ஒன்று என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு படியிலும் கை தவறவில்லை. பார்க்காத ஆளைக்கூட அந்த வரிசை காட்டிக்கொடுத்துவிடுகிறது. அது பொய் சொல்லாது என்று அவருக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டக்காரன் வெள்ளையாக்கியதை, அதே குடும்பத்தில் மெதுவாகப் போகிற ஒருவனை வைத்துத்தானே நேற்று மேசையில் சரிசெய்தோம்? பதறித் தேய்த்திருந்தால் பலகையே பாழாகியிருக்கும். மேலே ஒரு சுற்று விட்டுவிட்டுக் காத்திருந்தோம், அவ்வளவுதான்.

செக்கர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் எதுவும் இல்லை. பிறகு, மடக்கிய குடைக்குள் கையை விட்டுப் புட்டியை உருவினார். கடை வரிசையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் முன்னால் நின்றார்களாம். எந்தச் சரக்கு வேண்டும் என்று கேட்ட கடைக்காரனிடம், ஆஸ்பத்திரிக்கு ஏற்றது என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார். பழக்க தோஷத்தில் பில்லும் கேட்டு வாங்கிவைத்திருந்தார்.

டாக்டரம்மா அளந்து, தண்ணீர் கலந்து, டம்ளரை நீட்டினார். மனைவி கை நீட்டுவதற்குள் செக்கர் அதை வாங்கிக்கொண்டார். மருமகனின் தலைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து நிமிர்த்தினார்.

"அந்த வாக்கை வாங்கினவன் நான்," என்றார். "நேத்து நீங்க சொன்னதை நம்பியிருந்தா, நேத்தே இங்க வந்திருப்போம். வாக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன் மாப்ளே. குடிங்க."

பாலிஷ்காரர் குடித்தார். முகம் கோணலாகிப்போயிற்று. இதற்காகவா இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. செக்கர் தன் சட்டைக் கையால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும், வந்த பிறகு வண்டிக்குள்ளும், டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கெல்லாம் அவரேதான் டம்ளரைப் பிடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மிஷினோடு கிடந்தபோது எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. அரிப்பைத் தடுத்துவிட்டோம், ஏற்கெனவே அரித்தது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, பார்வை வந்தால் வரும் என்றார்கள். மனைவி ஒருபக்கம், மாமனார் ஒருபக்கம். மனைவி அவர் கையை விடவே இல்லை. பாலிஷ்காரர் விரல்களை எண்ணிக்கொண்டு கிடந்தார். ஐந்தாவது விரல் வந்ததும், அதற்கப்புறம் யார் என்று யோசிப்பார்.

மறுநாள் காலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்த நேரம். செக்கர் குடையைக் காலுக்கு நடுவில் ஊன்றி, கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாலிஷ்காரர்தான் பேசினார்.

"மாமா, கட்டை விரல் படுற இடத்துல பாலிஷ் போயிருக்கு. மரம் வெளுத்துத் தெரியுது. வீட்டுக்குப் போனதும் குடுங்க, போட்டுத் தரேன்."

செக்கர் கைப்பிடியைப் பார்த்தார். கட்டை விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அங்கே ஒரு நகத்தளவுக்கு வெளுத்துத்தான் இருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். செக்கர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்ப்பதற்கு ஏதோ இருப்பது மாதிரி நெடுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பார்வை முழுக்க வரவில்லை. ஓரங்களில் கொஞ்சம் மூட்டம் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், சிவப்பு கலந்த பழுப்பும் பச்சை கலந்த பழுப்பும் அவருக்கு இப்போது ஒன்றாகத்தான் தெரிகின்றன. பாலிஷ் வேலையில் நிறம் பிரித்துப் பார்ப்பதுதான் பாதி வேலை. டிரம்மை அதிகாரிகள் வந்து எடுத்துப்போனார்கள். புதுப் பம்பு வந்தது. நன்றி சொல்லப் போனபோது டாக்டரம்மாவிடம், ஐந்துக்கு மேலே யார் என்று மறக்காமல் கேட்டார். அது போய்க்கொண்டே இருக்கும் என்றார் அவர். ஏறஏறக் கனம் கூடி, எண்ணெயாகி, பிறகு பறக்கவே முடியாமல் கட்டியாகிவிடுமாம். முப்பது கார்பன் அண்ணன் ஒருவர் ஓர் அமிலத்தோடு கைகோத்து உங்கள் தேன்மெழுகு டப்பாவிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். அன்று கடைக்கு வந்ததும் பாலிஷ்காரர் அந்த டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வேலையே செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஊதுவதற்குள் ஓடிப்போகிறவனும், மேசைமேல் வருடக்கணக்கில் தங்கிக் காக்கிறவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நிறம் பார்க்க அவருக்கு இப்போது ஆள் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் செக்கர் குடையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு மாப்ளே என்பார். சந்தேகப்பட்டே பழகிய கண், ஒரு சாயலும் தப்பாது. மாலையில் மருமகன் கடையைப் பூட்ட நேரமாகும் என்பதால் அவர் மட்டும் முன்னால் பஸ் ஏறுவார். சட்டை, தலைமுடி எல்லாம் ஸ்பிரிட் வாடை. அடுத்த நிறுத்தத்துக்குள் பக்கத்துச் சீட்டு காலியாகிவிடும். செக்கர் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்வதில்லை. குடையைப் பக்கத்துச் சீட்டில் படுக்க வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார்.